கூட்டுக்குத் தோல் போடும் முன்

கல்லூரிப் பணிமனையில் துணிப்படகு கட்டிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு ஸ்டூல்களின் மேல் கூடு கவிழ்ந்து கிடக்கிறது. மரைன் ப்ளையில் அறுத்த குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் நெடுக ஓடும் பைன் ரீப்பர்கள், இரண்டும் சந்திக்கிற இடமெல்லாம் மெழுகு நூல் கட்டு. ஆணியும் திருகும் வைக்காமல் கட்டியிருக்கிறீர்கள், நல்ல வேலை. அலையில் கூடு கொஞ்சம் நெளிய வேண்டும். நூல் கட்டு அதற்கு இடம் கொடுக்கும், ஆணி மரத்தைப் பிளக்கும். கூட்டைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை.

உங்கள் கேள்வியைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. "துணிக்கு மேல் எந்த வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கலாம்?" என்று கேட்டிருந்தீர்கள். தார், எனாமல், மொட்டை மாடிக்கு அடிக்கிற பூச்சு, ஃபைபர் ரெசின் என்று நான்கு பெயர்களும் எழுதியிருந்தீர்கள். துணியைப் பற்றி மட்டும் "ஏதாவது கெட்டித் துணி" என்ற மூன்று வார்த்தைகள். இதே கேள்வியை இதே வரிசையில் வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். துணி முடிவாகாமல் பூச்சை முடிவு செய்ய முடியாது. அந்தத் துணி என்ன வேலை செய்யப்போகிறது என்று தெரியாமல் துணியையும் முடிவு செய்ய முடியாது.

உங்களில் ஒருவர் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்ததுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஒகேனக்கல் பரிசலுக்குப் பிளாஸ்டிக் தாளும் தாரும் போதும் என்றால் நமக்கு ஏன் போதாது? அங்கிருந்தே தொடங்கலாம்.

ஒகேனக்கல் போனால், பயணிகளை ஏற்றிக்கொண்டு சுற்றும் பரிசலைப் பார்ப்பதோடு நிற்காமல், கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் பரிசலின் உட்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்கும் நெருக்கிப் பின்னிய கூடை அது. கை வைத்தால் எங்கும் மூங்கில்தான் தட்டுப்படும். வெளியே போர்த்தியிருப்பது ஒரு காலத்தில் மாட்டுத் தோல். விஜயநகரத்துக்கு 1520 வாக்கில் வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் இதே வட்டப் படகைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார்: உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போகும். இன்று தோல் இருந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்துவிட்டன. கூடை மாறவில்லை, அதனால்தான் மேல்போர்வை இவ்வளவு சுலபமாக மாற முடிந்தது. பரிசலில் சுமையைத் தாங்குவது மூங்கில். போர்வைக்கு ஒரே வேலைதான், பின்னலின் இடுக்கில் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்வது. தண்ணீர் வெளியிலிருந்து தள்ளும்போது, உள்ளே மூங்கில் அதற்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

உங்கள் கூட்டில் அந்த முட்டு இல்லை. இரண்டு ரீப்பர்களுக்கு நடுவே ஏறக்குறைய 20 செ.மீ. வெற்றிடம் இருக்கிறது. அங்கே தண்ணீருக்கும் உங்களுக்கும் நடுவில் துணி மட்டும்தான். பத்து செ.மீ. ஆழத்தில் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ கனத்தில் தள்ளும். 20 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீளம் உள்ள ஒரு கட்டத்தில் அது 10 கிலோ. பெரிய கனமில்லை என்று தோன்றும். ஆனால் துணி அதைத் தாங்குவது இழுவிசையால். கொடிக்கயிற்றைத் தொய்வில்லாமல் கட்டினால் ஒரு ஈர வேட்டிக்கே முளை பிடுங்கிக்கொண்டு வருகிறதே, அதே கணக்கு இங்கேயும். துணி 1 செ.மீ. உள்வாங்கினால் ரீப்பரின் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 50 கிலோ இழுப்பு விழும். அரை செ.மீ. மட்டும் உள்வாங்கும்படி விறைப்பாகப் போர்த்தினால் இழுப்பு இரு மடங்கு. இதைப் பாலித்தீன் தாள் தாங்காது. ஒரே நொடியில் கிழிந்துவிடும் என்பதல்ல. தொடர்ந்து இழுவையில் இருந்தால் பாலித்தீன் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும், திரும்பி வராது. ஆக உங்கள் படகில் துணிதான் பாதி மரம். பூச்சு எவ்வளவு கனமாக அடித்தாலும் அந்த வேலையைச் செய்யாது. அது நெசவின் கண்ணை அடைக்க மட்டும்தான்.

இப்போது துணி. எளிதாகக் கிடைப்பதில் முதலாவது பருத்திக் கித்தான். அயர்லாந்தின் குரக் படகுகளும் வேல்ஸின் கொரக்கிள்களும் தோலை விட்டபின் கித்தானுக்கும் தாருக்கும்தான் வந்தன. நனைந்தால் பருத்தி இழை பருத்து, நெசவு இறுகும். அது நல்ல குணம். ஈரத்தோடு மடித்து மூலையில் போட்டால் பூசணம் பிடித்து இற்றுப்போகும். நம் ஊர் மழைக்காலத்தில் இது பெரிய குறை. நைலான் நேர் எதிர். எளிதில் கிழியாத உறுதி, பாறையில் இடித்தால் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பிறகு பழைய இடத்துக்கு வரும். ஆனால் நனைந்தால் தளரும். காலையில் மத்தளம் போல இருந்த படகு மாலையில் தொளதொளத்து நிற்கும். அதனால்தான் சிலர் நைலானை நனைத்து, தளர்ந்த நிலையிலேயே இழுத்துத் தைக்கிறார்கள். காய்ந்ததும் அது விறைக்கும். பாலியஸ்டர் தண்ணீரைக் குடிக்காது, வெயிலை நைலானைவிட நன்றாகத் தாங்கும், சூடு பட்டால் சுருங்கும். தைத்த பிறகு இஸ்திரிப் பெட்டியை ஓட்டியே சுருக்கங்களை எடுத்துவிடலாம். முதல் படகுக்கு என் ஓட்டு பாலியஸ்டருக்கு.

ஒரு எச்சரிக்கை உண்டு. கடையில் கிடைக்கும் பாலியஸ்டரில் பெரும்பகுதி ஆலையிலேயே சூடுபடுத்தி நிலைப்படுத்தியது, மறுபடி அவ்வளவாகச் சுருங்காது. வாங்கும் முன் ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கி, பேனாவால் கட்டம் போட்டு, இஸ்திரி ஓட்டி அளந்து பாருங்கள். அதே துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடுங்கள். சொட்டு முத்தாக உருண்டு நின்றால் துணியில் ஏற்கெனவே ஏதோ பூச்சு இருக்கிறது. பை தைக்கிற துணிகள் பலவும் அப்படித்தான். உங்கள் பூச்சு அதில் இறங்காது, ஒரு மாதத்தில் தோல் உரிவது போல உரிந்து வரும். சொட்டு பரவி ஊறினால் அது நல்ல துணி.

ஃபிளெக்ஸ் பேனரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேர்தல் முடிந்தால் சும்மாவே கிடைக்கும், உண்மைதான். பி.வி.சி. படலத்துக்கு நடுவே அகலக் கண்ணுள்ள வலை ஒன்று இருக்கும். ஒரு முனை கிழிந்தால் ஓடிக்கொண்டே போகும். போதாக்குறைக்குப் படகின் இரட்டை வளைவுக்கு அது மடங்கி உட்காராது, மூக்கிலும் வாலிலும் குச்சுக் குச்சாக மடிப்பு விழும். நீலத் தார்ப்பாய் இன்னும் மோசம். பாலித்தீன் மேல் எந்தப் பெயின்ட்டும் ஒட்டுவதில்லை. இரண்டையும் கூட்டை மழையிலிருந்து மூடி வைக்கப் பயன்படுத்துங்கள்.

பூச்சுக்குப் போகும் முன் இன்னொன்று. இந்தத் தோலை நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். கிரீன்லாந்திலும் அலாஸ்காவிலும் கயாக் கட்டியவர்கள், கடலில் மிதந்து வந்த கட்டைகளைக் கொண்டு கூட்டைக் கட்டினார்கள், கடல்நாய்த் தோலைப் பெண்கள் தைத்துப் போர்த்தினார்கள். தண்ணீர் புகக்கூடாத தையலில் ஊசி தோலின் முழுக் கனத்தையும் துளைக்காது. பாதிக் கனத்தில் நுழைந்து அதே பக்கம் வெளியே வரும். அவ்வளவு நுட்பமாகத் தைத்ததையும் பழசானதும் உரித்துப் போட்டுவிட்டு, அதே கூட்டுக்குப் புதுத் தோல் போட்டார்கள். மரம் அரிது, கடல்நாய் கிடைக்கும். பாபிலோனில் கணக்கு தலைகீழ். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார்: ஆர்மீனிய மலைகளிலிருந்து வட்டத் தோல் படகில் சரக்கோடு ஒரு கழுதையையும் ஏற்றிக்கொண்டு ஆற்றோட்டத்தில் இறங்குவார்கள். ஊர் வந்ததும் சரக்கை விற்று, மரக்கூட்டையும் விற்று, தோலை மட்டும் கழுதை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தே திரும்புவார்கள். எது விலை உயர்ந்ததோ அதைக் காப்பாற்றினார்கள். உங்களிடம் விலை உயர்ந்தது கூட்டில் போட்ட உழைப்பு. ஆகவே துணியைக் கூட்டோடு பசை போட்டு ஒட்டாதீர்கள். நடுக்கோட்டில் தைத்து, ஓரச்சட்டத்தில் கட்டி, நாளை கத்திரியால் வெட்டி உருவி எடுக்க முடிகிற மாதிரி போர்த்துங்கள்.

துணித்தோலை நம்பிக் கடலில் போனவர்கள் உண்டா என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். ஆஸ்கார் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932இல் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் ஒரு மடக்குக் கயாக்கை இறக்கினார். மரக்கூடு, மேலே ரப்பர் பூசிய கித்தான். பாரசீக வளைகுடா, இந்தியக் கடற்கரை, இலங்கை, பர்மா, ஜாவா என்று வந்து 1939இல் ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணைத் தீவு ஒன்றில் கரையேறினார்; அப்போது போர் தொடங்கியிருந்ததால் எதிரி நாட்டவர் என்று தடுப்புக் காவலில் வைத்துவிட்டார்கள், அது வேறு கதை. வழியில் படகையே ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மாற்றினார் என்பதையும் வீட்டில் சேர்த்துச் சொல்லுங்கள். டிம் செவரின் என்பவர் 1976-77இல் அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்குப் போன 'பிரெண்டன்' படகுக்கு 49 மாட்டுத் தோல்கள். கருவாலிப் பட்டையில் பதனிட்டு, ஆட்டு ரோமக் கொழுப்பு ஊற்றித் தேய்த்தவை. பனிக்கட்டி ஒன்று அந்தத் தோலையும் குத்திக் கிழித்தது. படகின் ஓரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, உறைகிற தண்ணீரில் கைவிட்டு ஒட்டுத்தோல் தைத்தார்கள்; படகு கரை சேர்ந்தது. கிழியாத தோல் எவருக்கும் வாய்த்ததில்லை.

இனி உங்கள் நான்கு பூச்சுகள். தார் மலிவு, நெளியும், பரிசலுக்குச் சரி. வெயிலில் இளகி வேட்டியிலும் கையிலும் ஒட்டும். பிறகு மனம் மாறி அதன் மேல் வேறு பெயின்ட் அடித்தால் பழுப்பாகக் கசிந்து மேலே வரும். தாரில் தொடங்கினால் கடைசிவரை தார்தான். எனாமல் ஆரம்பத்தில் பளபளப்பாக அழகாக இருக்கும். அதன் எண்ணெய் காற்றில் முற்ற முற்ற விறைத்துப்போய், துணி நெளிகிற இடத்தில் மயிரிழை வெடிப்பாக விடும். ஒரு பருவத்துக்கு ஓட்டிவிட்டு மறு பருவம் மேலே அடிக்கத் தயார் என்றால் போதும். மொட்டை மாடிப் பூச்சு ரப்பர் மாதிரி நீளும், அதுதான் உங்களை மயக்கியிருக்கிறது. அது மழை வழிந்து ஓடுகிற தளத்துக்குச் செய்தது. நாள் முழுக்க ஊறவும், மணலில் தேய்ந்து கரையேறவும் செய்ததல்ல. ஃபைபர் ரெசின் கல்லாக இறுகுவது. நெளிகிற துணியில் கல்லைப் பூசினால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் எழுதாத ஐந்தாவது ஒன்று உண்டு: ஹார்டனர் கலந்து பூசுகிற இரட்டைக் கலவை பாலியூரித்தேன், அதிலும் நெளியும் வகை. கடினமான தேய்மானத்தையும் தாங்கும், துணியோடு சேர்ந்து வளையவும் செய்யும். இன்று கயாக் கட்டுகிறவர்கள் பலரும் இதில்தான் நிற்கிறார்கள். விலை அதிகம். இன்னொரு விலையும் உண்டு. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழலுக்குப் பகை. ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் அடுத்த முறை சிறிது பட்டாலும் இழுப்பு வரும். கைக்குட்டையும் சாதாரண முகக்கவசமும் இதற்குப் பிரயோசனமில்லை. வேதி ஆவிக்கான வடிகட்டி பொருத்திய கவசம், கையுறை, நான்கு பக்கமும் திறந்த கொட்டகை இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். பழைய முறைதான் பாதுகாப்பு என்று ஆளிவிதை எண்ணெய்க்குப் போனாலும் தப்பிக்க முடியாது: எண்ணெய் துடைத்த கந்தலைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.

எதை எடுத்தாலும் படகில் அடிக்கும் முன் ஒரு ஸ்லேட் அளவுச் சட்டத்தில் அதே துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, அதே பூச்சை அடித்து, முற்றும்வரை விட்டு, பிறகு கொடுமைப்படுத்துங்கள். ஒரு வாரம் வாளியில் ஊறவிடுங்கள், மடியுங்கள், செங்கல்லால் தேயுங்கள், வெயிலில் போடுங்கள், மறுபடி மடியுங்கள். நகத்தால் சுரண்டினால் படலமாக வருகிறதா, துணியோடு சேர்ந்தே இருக்கிறதா? இந்தச் சோதனை என் கருத்தைவிட உங்களுக்கு உதவும்.

பூசும் விதத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். முதல் பூச்சு துணியின் மேல் உட்காரக்கூடாது, துணிக்குள் போக வேண்டும். பிரஷ்ஷால் தடவினால் மேலேயே நிற்கும். பழைய ஏ.டி.எம். அட்டையையோ ரப்பர் பட்டையையோ சாய்த்துப் பிடித்து அழுத்தி இழுங்கள். கவிழ்ந்த கூட்டின் அடியில் ஒருவர் தலையை நீட்டி, நெசவின் கண்களில் பூச்சு ஈரமாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். சொட்டினால் அழுத்தம் அதிகம், உலர்ந்திருந்தால் குறைவு. உள்ளே இப்படிப் பிடித்துக்கொண்ட பூச்சு உரிந்து வராது. அது முழுதும் முற்றும் முன், விரல் வைத்தால் பிசுபிசுக்கும் ஆனால் கையோடு வராது என்கிற நிலையில் அடுத்த பூச்சு. முற்றிய பிறகுதான் அடிக்க முடிந்தால் முதலில் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும். நேரம் மதியத்துக்குப் பின், நிழலில். காலையில் அடித்தால் வெயில் ஏற ஏற நெசவுக்குள் மாட்டிய காற்று விரிந்து கொப்புளம் விடும். வெப்பம் இறங்குகிற நேரத்தில் காற்று சுருங்கிப் பூச்சை உள்ளே இழுக்கும். ஆனால் கடற்கரை ஊர்களில் இருட்டும் வரை நீட்டாதீர்கள். பாலியூரித்தேன் ஈரக்காற்றோடு சேர்ந்தால் வாயு விட்டு நுரைக்கும், ஒவ்வொரு நுரையும் ஒரு ஊசித்துளை. ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம்.

போர்த்தும் முன் கூட்டில் இரண்டு திருத்தங்கள் செய்ய வேண்டும், படத்தில் கண்ணில் பட்டவை. ரீப்பரின் வெளி விளிம்புகள் கூராக இருக்கின்றன. துணி உள்ளிருந்து தேய்ந்து அறுவது அங்கேதான், உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். குறுக்குச் சட்டங்களின் வெளிவிளிம்பு ரீப்பருக்கு ரீப்பர் நேராகத் தெரிகிறது. நடுவில் பிறை வடிவில் ஒரு விரல் அளவு உள்ளே குடைந்துவிடுங்கள். தண்ணீர் தள்ளும்போது துணி உள்வாங்கி ப்ளை விளிம்பில் உட்கார்ந்தால் வெளியே ஒரு மேடு தெரியும், முதலில் தேய்வது அந்த மேடுதான். அடியில் நடுக்கோட்டில் ஒரு தேய்ப்புப் பட்டை போட மறக்காதீர்கள். பிச்சாவரம் மாதிரி உப்பங்கழிகளில் சுரபுன்னை வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி சவர பிளேடுதான். முதல் சில தடவை ஏரியில் ஓட்டுங்கள்.

ஒழுகலைப் பார்க்கப் படகுக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பும் பழக்கம் சிலருக்கு உண்டு. செய்யாதீர்கள், கூடு வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்குக் கட்டப்பட்டது, உள்ளே நிறைந்த தண்ணீரின் கனத்தில் கட்டெல்லாம் நெகிழும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, படகுக்குள் ஒரு பல்பை வைத்து வெளியே சுற்றி வாருங்கள். பூச்சு விட்டுப்போன இடமெல்லாம் நட்சத்திரமாகத் தெரியும், சாக்பீஸால் வட்டமிடுங்கள். தையல் ஓட்டையை இது முழுதும் காட்டாது. அதற்கு முழங்கால் ஆழத் தண்ணீரில் மணல் மூட்டையை ஏற்றி மிதக்கவிட்டு, உள்ளே தையலை ஒட்டிக் காகிதக் கைக்குட்டையை வைத்துக்கொண்டே போங்கள். நனைகிற இடத்தில் இன்னொரு பூச்சு.

துணிப்படகு ஒரு பதினைந்து இருபது கிலோதான் இருக்கும், இருவர் தூக்கிக்கொண்டு நடக்கலாம். தண்ணீர் நிறைந்துவிட்டால் அதன் விளிம்பு நீர்மட்டத்துக்கு வந்துவிடும், பிறகு அதில் ஏற முடியாது. மூக்கிலும் வாலிலும் காற்றடைத்த டியூபைக் கட்டி வையுங்கள். நீச்சல் தெரிந்தவர் உட்பட எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், கரையில் கயிறோடு ஒருவர், நீர்நிலைக்குப் பொறுப்பானவர்களிடம் முன்கூட்டியே அனுமதி. இதில் பேரம் கிடையாது.

துணி வாங்கும்போது கணக்குக்கு மேல் இரண்டு மீட்டர் அதே கட்டிலிருந்து வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். சோதனைச் சட்டத்துக்கு அரை மீட்டர், மிச்சம் ஒட்டுப்போட. வளைந்த ஊசி, மெழுகு நூல், ஒரு சுருள் ஒட்டுநாடா, சிறு புட்டியில் பூச்சு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு இருக்கைக்குப் பின்னால் கட்டிவிடுங்கள். சோதனைத் துண்டை வாளியிலிருந்து எடுத்ததும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், பூச்சு எது என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

அன்புடன்,
உங்களைப் போலவே துணிப்படகு கட்டுகிற ஒருவன்